ஆறுமணிக் குருவி உங்கள் பக்கம் கடைசியாக என்றைக்குக் கூவியது? – சேலம், ஏற்காடு

நாகலூர்க்காரன்
ஏப்ரல் 2, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு நாகலூர் பக்கம் மூன்று ஏக்கர் காபி. நிழலுக்குச் சில்வர் ஓக்கும் பலாவும், அவற்றின் மேல் மிளகுக் கொடி. மார்ச் 24 சாயங்காலம் இந்த ஆண்டின் முதல் நல்ல மழை இறங்கியது. அப்பா அன்றைக்கே விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார். ஒன்பதாம் நாள், அதாவது இன்று விடியும்போது, செடி முழுக்க வெள்ளை. மல்லிகைக் கொல்லைக்குள் நிற்பது போல வாசம்.

ஆனால் நான் எழுத வந்தது பூவைப் பற்றி இல்லை. எங்கள் கிணற்றுமேட்டுக்குப் பின்னால் போன அக்டோபர் கடைசியிலிருந்து ஓர் ஆறுமணிக் குருவி இருந்தது. விடியும் நேரத்தில் இரண்டு சீழ்க்கை, 'வீட்-டியூ' என்று. இருட்டும் நேரத்தில் மறுபடியும். பகலெல்லாம் சத்தமே இல்லாமல் சருகைப் புரட்டிப் புழு தின்றுகொண்டிருக்கும். பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இவ்வளவு நிறம் இருந்தும் ஆறு மாதத்தில் நான் கண்ணால் பார்த்தது ஐந்தாறு தடவைதான். காதால்தான் பழக்கம்.

நேற்று மாலை கூவியது. இன்று காலை இல்லை. கூடு கட்ட வடக்கே கிளம்பிவிட்டதா? உங்கள் பக்கம் இன்னும் கேட்கிறதா? கடைசியாகக் கேட்ட நாளை எழுதுங்கள். மலையும் சேலமும் சேர்ந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

மூக்கனேரி டீச்சர்
ஏப்ரல் 2, மாலை 4.15

நல்ல யோசனை, தம்பி. ஆனால் ஒரு காலை கேட்காததை வைத்துப் 'போய்விட்டது' என்று எழுதிவிடாதீர்கள். இன்னும் நாலு நாள் பாருங்கள்.

நான் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் தினமும் நடக்கிறவள். 2010-இல் ஏரியைத் தூர்வாரியபோது உள்ளே மண்திட்டுகள் போட்டு மரம் நட்டார்கள். இன்றைக்கு அந்தத் திட்டுகள்தான் பறவைகளுக்கு வீடு. ஆறுமணிக் குருவி இங்கே எனக்குக் கேட்டதில்லை, அதற்குச் சருகும் நிழலும் வேண்டும். ஆனால் கிளம்புகிற கூட்டத்தைச் சொல்கிறேன். நீலச்சிறகுக் கிளுவை வாத்து போன வாரம் வரைக்கும் ஒரு பத்து இருந்தது, இப்போது ஒன்றும் இல்லை. தகைவிலான்கள் சாயங்காலம் மின்கம்பியில் வரிசையாக உட்காருகின்றன. சூறைக்குருவிகள் இன்னும் இருக்கின்றன.

அந்தச் சூறைக்குருவியை இந்த வாரம் ஒரு தடவை நின்று பாருங்கள். வந்து இறங்கும்போது அழுக்குப் படிந்த மாதிரி மங்கலாக இருந்த பறவை இப்போது ரோஜா நிறத்தில் மின்னும். புதிதாக இறகு முளைத்து அந்த நிறம் வருவதில்லை. இறகு நுனியில் இருக்கிற மங்கலான ஓரம் ஐந்தாறு மாதத்தில் தேய்ந்து போக, உள்ளே இருந்த நிறம் வெளியே தெரிகிறது. மத்திய ஆசியப் புல்வெளியில் போய் ஜோடி சேர்வதற்கான அலங்காரம், நம் ஊர்ச் சோளக்காட்டிலும் முருக்க மரத்திலும் உரசி உரசியே தயாராகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்கே புல்லரிக்கும்.

அடிவாரத்தான்
ஏப்ரல் 2, இரவு 8.05

குரும்பப்பட்டிக்குப் பக்கம் எங்கள் மாந்தோப்பு. தோப்பு ஓரத்து மூங்கில் புதரில் இன்று மாலை 6.25-க்கு இரண்டு முறை கூவியது. அப்புறம் ஓய்ந்துவிட்டது. ஆக அடிவாரத்தில் இன்னும் இருக்கிறது.

மல்கோவா பிஞ்சு எலுமிச்சை அளவு வந்திருக்கிறது. இதுவும் கணக்கில் சேருமா?

நாகலூர்க்காரன்
ஏப்ரல் 4, காலை 6.50

டீச்சர் சொன்னது சரி. இன்று காலை 5.58-க்குக் கூவியது. நேற்றும் கேட்டிருக்கலாம், நான் காபிக்கொட்டை விஷயமாகச் சேலம் போயிருந்தேன். முதல் பதிவில் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணா, மாங்காயும் தாராளமாக எழுதுங்கள்.

பழைய ரைட்டர்
ஏப்ரல் 4, காலை 11.30

நான் ஏற்காட்டு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுபது தாண்டியாயிற்று. தம்பி கேட்ட கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ஒரு பறவை வந்த நாளைக் குறிப்பது எளிது. நேற்று இல்லை, இன்று இருக்கிறது, எழுதிவிடலாம். போன நாளைக் குறிப்பது அப்படி இல்லை. அது கடைசியாகக் கூவும்போது அதுதான் கடைசி என்று நமக்குத் தெரியாது. அடுத்த நாள், அதற்கடுத்த நாள், பத்து நாள் கேட்காமல் இருந்த பிறகுதான் திரும்பிப் பார்த்து 'ஓ, அன்றைக்குத்தான்' என்று சொல்லமுடியும். அந்தப் பத்து நாளும் நாம் காது கொடுத்திருந்தால்தான் அதையும் சொல்லமுடியும்.

எஸ்டேட்டில் எனக்கு முதல் வேலை மழைக் கணக்கு. காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதவேண்டும். மழை பெய்யாத நாளில் கட்டத்தை வெறுமையாக விட்டால் துரை திட்டுவார். 'பெய்யவில்லை என்றால் பூஜ்யம் போடு. வெறுமையாக விட்டால் மழை இல்லையா, நீ பார்க்கவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்பார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூஜ்யம்தான் எழுதியிருப்பேன். ஆனால் மார்ச்சில் காபியைப் பூக்க வைக்கிற பூமழை எத்தனை நாள் தள்ளி வந்தது, அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காயைப் பிடித்து நிறுத்துகிற இரண்டாம் மழை வந்ததா என்பதெல்லாம் அந்தப் பூஜ்யங்களை எண்ணித்தான் சொன்னோம்.

அதனால் ஒன்று செய்வோம். ஒவ்வொருவரும் தினமும் இரண்டு வேளை, ஒரே இடத்தில், பத்து நிமிஷம் நின்று கேட்போம். கேட்டால் நேரம் எழுதுவோம். கேட்காவிட்டால் 'இல்லை' என்று எழுதுவோம். போகமுடியாத நாளில் 'பார்க்கவில்லை' என்று எழுதுவோம். இந்த இரண்டையும் குழப்பக்கூடாது. தம்பி, உங்கள் ஏப்ரல் 3 'பார்க்கவில்லை'. ஏப்ரல் 2 காலை 'இல்லை'.

தும்பி_22
ஏப்ரல் 4, மதியம் 1.10

ஐயா, இதையேதான் ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் முழுப் பட்டியல் என்று கேட்கிறார்கள். பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் போட்டேன் என்று நாம் உறுதி சொன்னால், பட்டியலில் இல்லாதது அங்கே நம் கண்ணிலும் காதிலும் படவில்லை என்று ஆகிவிடும். அபூர்வப் பறவையை மட்டும் போட்டால் அந்தப் பயன் இல்லை. நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். இரண்டு வருஷமாகப் போடுகிறேன். 'பூஜ்யம்' என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அந்த விதி ஏன் என்று எனக்குச் சரியாகப் புரிந்தது.

வலசை வருகிற நாளைப் பொதுமக்களே எழுதவேண்டும் என்று மைக்ரண்ட்வாட்ச் 2007-இல் ஆரம்பித்தது. 2015-இல் அதன் பதிவுகள் ஈபேர்டோடு சேர்ந்தன. மரத்துக்கு சீசன்வாட்ச் இருக்கிறது, 2010 முதல். அதில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு முறை தளிர், மொட்டு, பூ, காய் எல்லாம் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்கவேண்டும். அங்கேயும் 'இல்லை' ஒரு பதில்தான். அடிவாரத்து அண்ணன் தன் மாமரம் ஒன்றைச் சேர்க்கலாம்.

அடிவாரத்தான்
ஏப்ரல் 5, இரவு 7.20

சரி, கிணற்றடி மல்கோவாவைப் போட்டுவிடலாம்.

ஏப்ரல் 3 மாலை 6.22. ஏப்ரல் 4 காலை 5.55, மாலை இல்லை. இன்று காலை 5.57, மாலை 6.24.

என் மகள் ஆறாவது படிக்கிறாள், கூடவே வந்து நிற்கிறாள். அவள் ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. 'அங்கே வடக்கே இப்போது வெயிலா மழையா என்று இங்கே இருக்கிற குருவிக்கு எப்படிப்பா தெரியும்?'

மூக்கனேரி டீச்சர்
ஏப்ரல் 5, இரவு 9.40

பாப்பாவுக்கு என் அன்பு. அங்கே இருக்கிற வானிலை அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிவது இரண்டு.

ஒன்று, பகலின் நீளம். சேலத்தில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். நமக்குப் பெரிதாகத் தெரியாது. பறவையின் மூளைக்கு அந்த மாற்றம் தெரிகிறது. அதற்கேற்ப உடம்பில் சுரப்புகள் மாறுகின்றன, பசி கூடுகிறது, கொழுப்புச் சேர்கிறது, இரவில் நிலைகொள்ளாமல் துள்ளுகிறது.

இரண்டாவது, உள்ளேயே இருக்கிற ஆண்டுக் கடிகாரம். ஜெர்மனியில் குவின்னர் என்ற ஆய்வாளர் வலசைக் கதிர்க்குருவிகளைக் கூண்டில், பகல் நீளமும் வெப்பமும் மாறாதபடி வைத்துப் பார்த்தார். வெளியே என்ன மாதம் என்று தெரிய வழியே இல்லை. ஆனாலும் புறப்படும் காலம் நெருங்கும்போது அவை தவித்தன. கடிகாரம் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும், பகல் நீளம் அதைத் திருத்திக் கொடுக்கும்.

இந்தப் பழக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. பறவை தேதியைப் பார்த்துக் கிளம்புகிறது. போய்ச் சேரும் இடத்தில் புழுவும் பூச்சியும் வெப்பத்தைப் பார்த்துப் பெருகுகின்றன. அங்கே வெப்பம் முந்திவிட்டால், குஞ்சு வாயைத் திறக்கும்போது புழுக் காலம் முடிந்திருக்கும். ஐரோப்பாவில் சில பறவைகளுக்கு இது நடந்திருக்கிறது.

ஐந்துரோடு
ஏப்ரல் 6, காலை 9.00

எதற்கு இத்தனை கணக்கு என்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காலம் மாறிப்போனது கண்ணுக்கே தெரிகிறது. எங்கள் தெருவில் இந்த வருஷம் தை மாதமே குயில் கூவியது. குயில் கூவினால் வசந்தம் என்பார்கள். தையில் வசந்தமா? எல்லாம் புவி வெப்பம்தான்.

பழைய ரைட்டர்
ஏப்ரல் 6, மதியம் 12.20

வெப்பம் கூடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் தெருக் குயிலை அதற்குச் சாட்சி சொல்ல வைக்கமுடியாது. குயில் எங்கேயும் போய்த் திரும்புகிற பறவை அல்ல. வருஷம் முழுக்க இங்கேதான் இருக்கிறது, வாய் திறக்காமல் பழம் தின்றுகொண்டு. காகம் கூடு கட்டும் காலம் நெருங்கும்போது ஆண் விடாமல் கூவும். நடுவில் சில நாள் முன்னதாகவும் கூவும். போன வருஷம் தையில் உங்கள் தெருவில் கூவவில்லை என்று யாராவது எழுதி வைத்திருந்தால் ஒப்பிடலாம். இல்லையென்றால் இந்த வருஷம் உங்கள் காதில் விழுந்தது, அவ்வளவுதான் சொல்லமுடியும்.

மூக்கனேரி டீச்சர்
ஏப்ரல் 6, மாலை 5.00

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போன வருஷம் ஒருவர் மட்டும் கவனித்து, இந்த வருஷம் பத்துப் பேர் கவனித்தால், 'முதன்முதலில் கேட்ட நாள்' தானாகவே முன்னால் நகர்ந்துவிடும். பறவை மாறவில்லை, காதுகள் கூடிவிட்டன. அதனால்தான் ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம் என்பது முக்கியம்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736 முதல் தன் தோட்டத்தில் முதல் பூ, முதல் தளிர், முதல் தவளைச் சத்தம், முதல் தகைவிலான் என்று வருஷா வருஷம் எழுதி வந்தார். அவருக்குப் பின் அந்தக் குடும்பம் 1958 வரைக்கும் எழுதியது. ஜப்பானில் கியோட்டோவின் செர்ரிப் பூவுக்கு 812-ஆம் ஆண்டிலிருந்து குறிப்புகள் கிடைக்கின்றன. அரண்மனைக்காரர்களும் துறவிகளும் பூ விழா நடந்த நாளை எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்குப் பூ முந்திவிட்டது என்று உறுதியாகச் சொல்ல அந்த நாட்குறிப்புகள்தான் ஆதாரம். ஐந்துரோடு ஐயா, உங்கள் கவலை நியாயமானது. அந்தக் கவலை நாளைக்கு எடுபட வேண்டுமானால் இன்றைக்கே எழுதத் தொடங்கவேண்டும்.

நம் கணக்கில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஊர்களில் பனி உருகித் தளிர் வரும். இங்கே நல்ல வறட்சியில், மழைக்கு முன்னால் தளிர் வரும். மாசி, பங்குனியில் மண் காய்ந்து கிடக்கும்போது அரசமரம் செம்பு நிறத்தில் துளிர்ப்பதையும், புங்கன் பளபளவென்று நிற்பதையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சித்திரையும் வைகாசியும் இளவேனில். அங்கே வசந்தம் என்றால் பறவை வரும். நமக்கு இளவேனில் என்றால் பறவை போகும். ஆகவே நம் முதல் வேலை ஐயா சொன்ன அந்தக் கடினமான வேலைதான், போன நாளைக் கண்டுபிடிப்பது.

ஐந்துரோடு
ஏப்ரல் 6, இரவு 8.30

புரிகிறது, டீச்சர். மொட்டை மாடியில் பத்து நிமிஷம் நிற்கிறேன். எழுதுகிறேன்.

வெள்ளக்கடை மகள்
ஏப்ரல் 8, மாலை 6.45

நான் இந்த மலையின் மலையாளிப் பழங்குடிச் சமூகத்துப் பெண். வீடு வெள்ளக்கடைப் பக்கம். பறவையைப் பற்றி நீங்களே நிறைய எழுதிவிட்டீர்கள். நான் தேனீயைச் சொல்கிறேன். அதுவும் வலசைதான்.

மலைத்தேனீ, பெரிய தேனீ, ஒற்றை அடையாக உயரமான மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் தொங்குமே, அது. பெட்டியில் வைத்து வளர்க்கமுடியாது. பூ எங்கே இருக்கிறதோ அங்கே கூட்டமாகப் போகும், முடிந்தால் அடையை வெறும் மெழுகாக விட்டுவிட்டு மொத்தமும் கிளம்பிவிடும். எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற பெரிய மரத்தில் போன மாதம் ஓர் அடை. காபி பூத்த நாளிலிருந்து நான்கு. காலையில் மரத்தடியில் நின்றாலே ரீங்காரம் நெஞ்சில் அதிரும். பாட்டி இந்த மரத்தைத்தான் நாள்காட்டி மாதிரி பார்ப்பார். அடை ஏறினால் பூமழை பெய்த இடம் பக்கத்தில் இருக்கிறது என்பார். அடை காலியானால் விறகை உள்ளே எடுத்து வைக்கச் சொல்வார்.

தோட்டக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். காபிப் பூ மூன்று நாள்தான். அந்த மூன்று நாள் மட்டுமாவது மருந்து அடிக்காதீர்கள். மரத்தடியில் புகையும் போடாதீர்கள். அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கும், தேனீ எதற்கு என்று சிலர் சொல்கிறார்கள். தேனீ வந்தால் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்கும். மிளகுக்கும் காபிக்கும் அப்பால் இந்த மலையில் எத்தனையோ மரம் அதை நம்பித்தான் காய்க்கிறது.

நாகலூர்க்காரன்
ஏப்ரல் 8, இரவு 9.15

அக்கா, எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் தோட்டத்துக்குள் ஆளே இறக்குவதில்லை, பூ உதிரும் என்று. இனிமேல் தேனீக்காகவும்தான். நாளைக்கு அந்த மரத்தைப் பார்க்க வரலாமா?

ஏப்ரல் 5 காலை 5.57. 6 காலை 5.56, மாலை 6.28. 7 காலை இல்லை, மாலை 6.27. இன்று இரண்டு வேளையும் இல்லை.

ஐந்துரோடு
ஏப்ரல் 11, காலை 6.30

அவசரம். விடிகாலையில் பக்கத்துக் கட்டடத்துக் கண்ணாடியில் மோதி ஒரு பறவை எங்கள் மாடியில் விழுந்து கிடக்கிறது. பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு. கண்ணில் கறுப்புப் பட்டை. மூச்சு இருக்கிறது. ஆறுமணிக் குருவிதானா? தண்ணீர் கொடுக்கலாமா?

மூக்கனேரி டீச்சர்
ஏப்ரல் 11, காலை 6.34

அதுதான். தண்ணீர் வாயில் ஊற்றவே வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறும் வேண்டாம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி இருந்தால் நாலு ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, உள்ளே வைத்து மூடுங்கள். இருட்டாக, சத்தம் இல்லாத அறையில். திறந்து திறந்து பார்க்காதீர்கள். பயத்திலேயே செத்துப்போகும். போட்டோவும் வேண்டாம்.

இரவில் பறக்கிற பறவை. ஊர் விளக்கில் தடுமாறிக் கண்ணாடியில் மோதுகிறது. மயக்கம் தெளிந்தால் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்கும். மாலை வரை வைத்திருந்து, பொழுது சாயும்போது நாய், பூனை இல்லாத மரத்தடியில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனவிலங்குச் சட்டத்தில் இருக்கிற பறவை, வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது.

ஐந்துரோடு
ஏப்ரல் 11, இரவு 7.10

பத்து மணிக்குத் தத்த ஆரம்பித்தது. வீட்டில் எல்லோரும் பகல் முழுக்கக் கிசுகிசுவென்றுதான் பேசினோம். 6.20-க்குத் தெரிந்தவர் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துத் திறந்தேன். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. அப்புறம் இரண்டு தத்து, புதருக்குள் போய்விட்டது. கூவவில்லை.

நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். இப்படி ஒன்று என் தலைக்கு மேலே ராத்திரியில் பறந்து போகிறது என்று இன்றைக்குத்தான் தெரியும். கட்டடக்காரரிடம் பேசினேன். மாடி விளக்கை மே மாதம் வரைக்கும் பத்து மணிக்கு மேல் அணைக்க ஒத்துக்கொண்டார்.

டூன் தமிழன்
ஏப்ரல் 13, இரவு 10.00

சொந்த ஊர் அயோத்தியாப்பட்டணம். வேலை டேராடூனில். இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். உங்கள் ஆறுமணிக் குருவி வந்து சேரும் இடங்களில் இதுவும் ஒன்று. இமயமலை அடிவாரத்துச் சால் மரக் காட்டில் கூடு கட்டும். இங்கே இன்னும் வரவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் காடுதான். உங்களைப் போலவே நானும் இன்றிலிருந்து காலை, மாலை 'இல்லை' எழுதுகிறேன்.

இன்று காலை: இல்லை. மாலை: இல்லை.

அடிவாரத்தான்
ஏப்ரல் 14, காலை 8.30

சித்திரை ஒன்று, எல்லோருக்கும் வாழ்த்துகள். பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்கிக்கொண்டே கேட்டோம். இல்லை. எங்கள் தோப்பில் கடைசியாகக் கேட்டது ஏப்ரல் 9 காலை. அதற்குப் பிறகு தொடர்ந்து இல்லை. சாலையோரக் கொன்றை இரண்டில் பூ தொங்க ஆரம்பித்திருக்கிறது.

தும்பி_22
ஏப்ரல் 21, காலை 11.05

எல்லோரும் கவனிக்கவும்! இன்று காலை 10.15-க்குச் செம்மடுவு பக்கம் ஒரு தோட்டத்தில் ஆறுமணிக் குருவி கூவுவதைக் கேட்டேன். போனில் பதிவும் செய்திருக்கிறேன். பறவைக் குரலை அடையாளம் சொல்லும் செயலியும் அதே பெயரைத்தான் காட்டியது. நாகலூர் அண்ணனுக்கு ஏப்ரல் 12 மாலை மறுபடியும் கேட்டிருக்கிறது, அதற்குப் பிறகு இல்லை என்கிறார். அப்படியானால் நம் கடைசி நாள் 21.

பழைய ரைட்டர்
ஏப்ரல் 21, மதியம் 2.00

நல்ல செய்தி, தம்பி. மூன்று கேள்வி. பத்தேகால் மணிக்கு ஏன் கூவியது? சத்தம் தரையிலிருந்தா, மரத்து உச்சியிலிருந்தா? முன்னும் பின்னும் வேறு என்ன சத்தம் கேட்டது? பதிவை இரண்டு நிமிஷம் முன்னாலிருந்து ஓடவிட்டுக் கேளுங்கள்.

தும்பி_22
ஏப்ரல் 22, காலை 10.50

ஐயா, இன்று அதே இடத்துக்கு மறுபடியும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சத்தம் சில்வர் ஓக் உச்சியிலிருந்து வந்தது. 'வீட்-டியூ' என்று இரண்டு முறை. அடுத்து வல்லூறு மாதிரி ஒரு கீச்சு. அடுத்து பூனை மாதிரி ஒரு முனகல். மேலே பார்த்தால் துடுப்புவால் கரிச்சான், வாலில் இரண்டு நீளக் கம்பி, நுனியில் துடுப்பு. மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும் பறவை அது. நேற்றைய பதிவிலும் முன்னால் அதே கீச்சு இருக்கிறது. ஈபேர்டிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டேன்.

ஆறு மாதம் அந்தத் தோட்டத்தில் ஆறுமணிக் குருவி கூவியதை இந்தக் கரிச்சான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அது போன பிறகும் அதன் குரல் மரத்து உச்சியில் இருக்கிறது. நேற்று நான் குதித்ததைவிட இன்றைக்கு அதிக சந்தோஷம்.

இன்னொன்று, என் பெயருக்கு ஏற்ற விஷயம். வண்ணத்துப்பூச்சிகளும் இந்த மலையிலிருந்து வலசை போகின்றன. நீல வேங்கை, கருநீல வேங்கை, கருப்பன் இனங்கள் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வரும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் பக்கத்திலிருந்து மேற்கே திரும்பும். கிலுகிலுப்பைச் செடி எங்கே இருந்தாலும் பாருங்கள், ஆண்பூச்சிகள் காய்ந்த தண்டிலும் மொய்க்கும். அதில் கிடைக்கிற ஒரு ரசாயனம் இணைசேர அவற்றுக்கு வேண்டும். அடுத்த சில வாரங்களில் கூட்டமாகப் பறந்தால், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, பத்து நிமிஷத்தில் எத்தனை என்று மட்டும் எழுதுங்கள்.

பழைய ரைட்டர்
ஏப்ரல் 22, மதியம் 12.15

தம்பி, திரும்பப் போய் உட்கார்ந்தீர்களே, அதுதான் வேலை. உங்கள் ஏப்ரல் 21 பதிவை அழிக்காமல் இங்கேயே விடுங்கள். அடுத்து வருகிறவர்களுக்கு அது உதவும்.

இப்போதைக்கு நம் கணக்கு: அடிவாரத்தில் கடைசி ஏப்ரல் 9 காலை. நாகலூரில் 12 மாலை. ஊருக்குள் 11 அன்று விழுந்தது வழிப்போக்கன், அதைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

டூன் தமிழன்
மே 7, காலை 6.05

இன்று காலை: ஆமாம்! 5.10-க்கு முதல் குரல். இருபத்து நான்கு நாள் 'இல்லை'க்குப் பிறகு.

உங்களுடையது என்று சொல்லமாட்டேன். இலங்கையிலிருந்து வந்ததாக இருக்கலாம், கேரளத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் கேட்டதும் கை நடுங்கிவிட்டது. நேரம் எழுத இரண்டு நிமிஷம் ஆனது.

டூன் தமிழன்
மே 9, மாலை 7.30

இரண்டு நாள் கேட்ட பிறகு ஒன்று சொல்லவேண்டும். இங்கே இது நம் ஊர்ப் பறவை மாதிரியே இல்லை. அங்கே காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, அதோடு சரி. இங்கே வெளிப்படையாகக் கிளையில் ஏறி நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, பகல் பதினொரு மணிக்கும் கூவுகிறது. பக்கத்துப் பள்ளத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்கிறது. ஆறுமணிக் குருவி என்ற பெயர் இங்கே பொருந்தாது. அந்தப் பெயர் வைத்தவர்கள் அது பேசாமல் இருந்த ஊரில் இருந்து கேட்டவர்கள்.

அடிவாரத்தான்
மே 9, இரவு 8.10

மகளுக்குப் படித்துக் காட்டினேன். 'இங்கே ஏன் அடக்கமாக இருந்தது?' என்கிறாள்.

மூக்கனேரி டீச்சர்
மே 9, இரவு 8.45

இங்கே அதற்கு ஜோடியும் இல்லை, கூடும் இல்லை. தனியாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு, 'இது என் இடம்' என்று இரண்டு வேளை சொன்னால் போதும். அங்கே இணையைக் கூப்பிடவேண்டும். பாப்பாவிடம் சொல்லுங்கள், அதே இடத்துக்கு அதே பறவை திரும்பி வருவதும் உண்டு. வலசைப் பறவைகள் பலவும் ஒரு முறை குளிர்காலம் கழித்த இடத்தை மறப்பதில்லை. அந்த மூங்கில் புதரை மட்டும் வெட்டாமல் வைத்திருக்கட்டும்.

நாகலூர்க்காரன்
மே 10, மாலை 6.50

இரண்டாம் மழை சரியாக வந்தது. காபியில் காய் மிளகளவு பிடித்திருக்கிறது. வெள்ளக்கடை அக்கா வீட்டு மரத்தில் நாலு அடையில் மூன்று காலி.

களை எடுக்க ஆள் வந்திருக்கிறார்கள். அப்பா தோட்டம் முழுக்கச் சருகைக் கூட்டி அள்ளச் சொன்னார். கிணற்றுமேட்டுக்குப் பின்னால் பதினைந்து அடிக்குக் கயிறு கட்டி, அதற்குள் கை வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை: இல்லை. மாலை: இல்லை.